காத்திருப்பது யார்: லினக்ஸில் பெரிய கோப்பு நகலும் உறையும் திரையும்

பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கியதும் மவுஸ் திணறுவதும், உலாவி பதிலற்று நிற்பதும், டெர்மினலில் தட்டிய எழுத்து பல வினாடி கழித்துத் தோன்றுவதும் லினக்ஸ் கணினிகளில் நெடுநாளாக இருந்துவரும் கோளாறு. தலைமுறைக்குத் தலைமுறை அதன் காரணம் மாறியிருக்கிறது. தொண்ணூறுகளில் ஹார்டு டிஸ்கை இணைத்த முறை, அடுத்த பத்தாண்டில் டிஸ்கின் முன் நின்ற வரிசை, அதன்பின் நினைவகத்தின் பெருக்கம். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த கேள்வி மட்டும் ஒன்றுதான். வேகமான செயலிக்கும் மெதுவான சேமிப்புக் கருவிக்கும் இடையில் காத்திருக்க வேண்டியது யார்? நகலெடுக்கும் நிரலா, அதோடு சம்பந்தமே இல்லாத மற்ற நிரல்களா?

வேரைத் தேடினால் யூனிக்ஸுக்குப் போக வேண்டும். ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது தரவு நேரே டிஸ்குக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் தங்கி, பின்னர் சாவகாசமாக டிஸ்கில் ஏறுகிறது. எழுபதுகளின் யூனிக்ஸில் அப்டேட் என்ற சிறு நிரல் 30 வினாடிக்கு ஒருமுறை விழித்து, தேங்கியதையெல்லாம் டிஸ்குக்குத் தள்ளிவிட்டு மறுபடி உறங்கும். கணினியை அணைக்குமுன் சிங்க் கட்டளையை இரண்டு மூன்று முறை தட்டுவது அக்கால இயக்குநர்களின் பழக்கம். 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கர்னலும் இந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டது. ஏற்பாடு நல்லதுதான். ஒரே இடத்தில் பலமுறை எழுதப்படுவது ஒரே முறையாகச் சுருங்கும். நிரலும் டிஸ்குக்காக நிற்க வேண்டியதில்லை. தேங்குவது எவ்வளவு, அது எவ்வளவு நேரத்தில் வடியும் என்ற கணக்கு பிசகும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

தொண்ணூறுகளில் அந்தக் கணக்கு இன்னும் பிரச்சினையாகவில்லை. அப்போதைய உறைதல் ஐடிஇ டிஸ்கிலிருந்து வந்தது. பிஐஓ எனப்பட்ட முறையில் டிஸ்குக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒவ்வொரு துண்டுத் தரவையும் செயலியே கையால் சுமந்தது. 512 பைட் கொண்ட ஒரு செக்டரை நகர்த்த, 16 பிட் அளவில் 256 முறை. அந்த நேரத்தில் பிற சாதனங்களின் குறுக்கீடுகளுக்குச் செவிசாய்க்காமல் கர்னல் இருந்துவிடுவதும் உண்டு. தொலைபேசி மோடம் வழியே வந்த எழுத்துகள் வாங்குவாரின்றித் தொலைந்தன. மவுஸ் துள்ளித் துள்ளி நகர்ந்தது.

இதற்கு மருந்து மார்க் லார்ட் எழுதிய எச்டிபார்ம் என்ற கருவி. அதில் ஒரு தெரிவு, நகர்த்தும் வேலையைச் செயலியிடமிருந்து பிடுங்கி டிஎம்ஏ முறைக்கு மாற்றியது. இன்னொரு தெரிவு, டிஸ்க் வேலை நடக்கும்போதும் பிற குறுக்கீடுகளை அனுமதித்தது. இரண்டையும் போட்டால் கணினியே புதிதாகிவிடும். ஆனாலும் அக்காலத்தில் பலருடைய கணினிகளில் இவை முடக்கப்பட்ட நிலையிலேயே வந்தன. அதற்குத் தக்க காரணம் இருந்தது. சிஎம்டி640, ஆர்இசட்1000 போன்ற கட்டுப்பாட்டுச் சில்லுகளில் தரவைக் கெடுக்கும் பிழைகள் இருந்தன. எச்டிபார்மின் கையேடே அவற்றைப் பெயர் சொல்லி எச்சரித்தது. வேகத்தைவிடத் தரவின் பத்திரம் முதன்மை என்று எடுத்த முடிவு சரியானதே. டிஎம்ஏ இயல்பாகவே இயங்கத் தொடங்கியபின் இந்த வகை உறைதல் மறைந்தது.

அடுத்த காரணம் டிஸ்கின் முன்னால் நின்ற வரிசை. சுழலும் டிஸ்கில் தலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரச் சில மில்லிவினாடிகள் பிடிக்கும். எனவே 2.4 கர்னலின் வரிசையாளர் அடுத்தடுத்த இடங்களுக்கான கோரிக்கைகளை ஒன்றாகக் கோத்து அனுப்பியது. ஒரு பெரிய கோப்பு தொடர்ச்சியாக எழுதப்படும்போது அதன் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும். இடையே சின்ன வாசிப்புக் கோரிக்கையோடு வரும் நிரலுக்கு இடம் கிடைக்காது. எழுதும் நிரல் காத்திருக்கத் தேவையில்லை, வாசிக்கும் நிரலோ தரவு வராமல் ஓரடி நகர முடியாது. ஆக, பொறுக்கக்கூடியது முந்திக்கொள்ள, பொறுக்க முடியாதது பட்டினி கிடந்தது.

ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய டெட்லைன் வரிசையாளர் இதற்கு நேரடியான பதில். வாசிப்புக்கு அரை வினாடி, எழுதுவதற்கு 5 வினாடி என்று கெடு வைத்தது. கெடு தாண்டிய கோரிக்கை வரிசையை மீறி முன்னே போகும். அதற்கும் ஒரு படி மேலே போனது நிக் பிகின் லினக்ஸுக்காக எழுதிய ஆன்டிசிபேட்டரி வரிசையாளர். ரைஸ் பல்கலைக்கழகத்தில் சீதாராம் ஐயரும் பீட்டர் ட்ரூஷலும் 2001இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண்ணம் அது: ஒரு வாசிப்பை முடித்ததும் டிஸ்கின் தலையை உடனே வேறிடத்துக்கு விரட்டாமல் ஒரு கணம் நிறுத்திவைத்தால், அதே நிரல் பக்கத்திலேயே அடுத்த வாசிப்பைக் கேட்கும். டிஸ்கைச் சும்மா நிற்கவைப்பது விரயம் போலத் தெரியும். ஆனால் ராபர்ட் லவ் 2004இல் லினக்ஸ் ஜர்னல் இதழில் எழுதிய கட்டுரையின் அளவீடுகள் வேறு சொல்கின்றன. டிஸ்கில் பெரிய கோப்பு ஓடிக்கொண்டிருக்க, கர்னல் மூலநிரலின் எல்லாக் கோப்புகளையும் வாசித்து முடிக்க 2.4 கர்னலுக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆனது. டெட்லைனுக்கு மூன்றரை நிமிடம். ஆன்டிசிபேட்டரிக்கு 15 வினாடி. 2006இல் 2.6.18 கர்னலிலிருந்து, நிரல்களிடையே டிஸ்க் நேரத்தைப் பங்கிடும் சிஎஃப்க்யூ இயல்பு வரிசையாளரானது.

வரிசை ஒழுங்குக்கு வந்தது. தேங்கும் அளவோ வளர்ந்துகொண்டே போனது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கர்னலில், டிஸ்கில் இன்னும் ஏறாத தரவு நினைவகத்தில் பத்து விழுக்காட்டைத் தொட்டால் பின்னணியில் எழுதத் தொடங்க வேண்டும், நாற்பதைத் தொட்டால் எழுதும் நிரல்களை நிறுத்திவைக்க வேண்டும் என்று விதி இருந்தது. 256 எம்பி ரேம் கொண்ட கணினியில் நாற்பது விழுக்காடு என்பது சுமார் 100 எம்பி. அக்கால டிஸ்க் அதைச் சில வினாடியில் விழுங்கிவிடும். ரேம் ஜிபி கணக்கில் ஏறியபோது டிஸ்கின் வேகம் அந்த அளவுக்கு ஏறவில்லை. விழுக்காடாக எழுதப்பட்ட எல்லை, யாரும் தொடாமலே தானாகப் பெருத்தது. 2007இல் 2.6.22 கர்னல் அதை ஐந்து, பத்து என்று குறைத்தது. சில வேலைகள் மெதுவானதால் 2009இல் அது பத்து, இருபது என்று மறுபடி இரட்டிப்பானது. இன்றும் அதுவே இயல்பு அளவு.

2008 இறுதியில் கர்னலின் பிழைப் பதிவேட்டில் 12309 என்ற எண்ணில் ஒரு முறையீடு பதிவானது. பெரிய அளவில் டிஸ்க் வேலை நடந்தால் கணினி முடங்குகிறது என்பதே அதன் சாரம். பல நாட்டுப் பயனர்கள் தத்தம் அளவீடுகளை அதில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ரஷ்ய மொழி பேசும் லினக்ஸ் பயனர்களிடையே 12309 என்ற எண்ணே இந்தக் கோளாறுக்குப் பெயராகிவிட்டது. அந்த முறையீடு எளிதில் தீராததற்குக் காரணம், அங்கு வந்தவர்கள் சொன்னது ஒரே நோய் அல்ல. சிலருக்கு ஈஎக்ஸ்டி3 கோப்பு முறைமை காரணம்: ஒரு நிரல் தன் சின்னக் கோப்பு ஒன்று டிஸ்கில் ஏறிவிட்டதை உறுதிசெய்ய எஃப்சிங்க் அழைத்தால், இயல்பு முறையில் மற்ற நிரல்கள் எழுதி நிலுவையில் கிடந்ததும் சேர்ந்து ஏறியாக வேண்டும். 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 அடிக்கடி எஃப்சிங்க் அழைத்ததால் பக்கத்தில் ஒரு நகலெடுப்பு ஓடினாலே உலாவி உறைந்தது. சிலருக்கு ஸ்வாப் காரணம், சிலருக்கு வரிசையாளர், சிலருக்குப் பழுதான டிஸ்க். அறிகுறி ஒன்று, காரணம் பல என்பதை ஏற்கவே சில ஆண்டுகள் ஆயின. மேசைக் கணினிக்காரர்களின் இந்த முறையீட்டுக்குக் கிடைத்த கவனம் குறைவு என்றே சொல்ல வேண்டும். கர்னல் வேலையின் பெரும்பகுதியைச் சர்வர் விற்கும் நிறுவனங்கள் தாங்கின. அங்கே அளக்கப்பட்டது மொத்த வேகமே ஒழிய, ஒருவர் மவுஸை நகர்த்தினால் எவ்வளவு நேரத்தில் நகர்கிறது என்பதல்ல.

தேக்கத்தின் கணக்கைச் சீர்செய்யும் வேலை மூன்று படிகளில் நடந்தது. 2008 ஜனவரியின் 2.6.24 கர்னலில் பீட்டர் சைல்ஸ்ட்ராவின் மாற்றத்தால் ஒவ்வொரு சாதனத்துக்கும் அதன் வேகத்துக்கேற்ற பங்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு முன் மெதுவான பென் டிரைவ் ஒன்று மொத்த எல்லையையும் நிரப்பிவிட, வேறு டிஸ்கில் எழுதிய நிரலும் சேர்ந்து தண்டனை அனுபவித்தது. 2009 டிசம்பரின் 2.6.32இல், எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவாக ஓடிய பிடிஃப்ளஷ் என்ற கர்னல் நூல்களுக்கு (த்ரெட்) பதில் சாதனத்துக்கொரு எழுத்து நூல் வந்தது. அதைச் செய்தவரும் ஆக்ஸ்போவே. 2012 ஜனவரியின் 3.2இல் வூ ஃபெங்குவாங்கின் மாற்றம் சேர்ந்தது. எல்லை தாண்டிய நிரலையே டிஸ்கில் எழுதவைத்துத் தண்டிக்கும் பழைய முறை, பல நிரல்கள் பல திசையில் எழுதி டிஸ்கின் தலையை அலைக்கழித்தது. புதிய முறையில் அந்த நிரல் சாதனத்தின் வேகத்தைப் பொறுத்துச் சில மில்லிவினாடி உறங்கினால் போதும். எழுதுவது எழுத்து நூலின் வேலை. காத்திருப்பு, நியாயமாகக் காத்திருக்க வேண்டியவரிடமே போய்ச் சேர்ந்த இடம் இது. இந்த வரலாற்றில் மிகவும் அழகான திருத்தமும் இதுவே.

பென் டிரைவ் மட்டும் பிடிவாதமாக நின்றது. ஒரு காலத்தில் அதை எழுதினால் உடனே ஏற்றும் சிங்க் முறையில் இணைத்துப் பார்த்தார்கள். எஃப்ஏடி அட்டவணை அதே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு நகலெடுப்பு ஊர்ந்தது. ஃப்ளாஷ் சில்லும் தேய்ந்தது. அதற்கு மாற்றாக, வழக்கத்தைவிட முன்னதாக எழுதிவிடும் ஃப்ளஷ் என்ற நடுவழி வந்தது. 2011இல் வெளியான 2.6.38 கர்னலின் பெரும்பக்க வசதி புதுத் தொல்லை தந்தது: 2 எம்பி தொடர் இடம் தேடி நினைவகத்தை ஒதுங்கவைக்கும்போது, பென் டிரைவுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கங்களில் முட்டி, எந்தக் கோப்பும் எழுதாத நிரல்கள் நின்றன. மெல் கார்மன் அதைத் திருத்தினார். 2013 அக்டோபரில் இதே புகார் வேறு உருவில் வந்தது. 16 ஜிபி ரேமுள்ள கணினியில் 64 பிட் கர்னல் பென் டிரைவ் நகலில் தடுமாற, 32 பிட் கர்னலோ சுகமாக ஓடியது. 32 பிட் கர்னல் தன் விழுக்காட்டை நினைவகத்தின் கீழ்ப்பகுதியான ஏறத்தாழ ஒரு ஜிபியில் மட்டுமே கணக்கிட்டதுதான் காரணம். 64 பிட்டிலோ, கணக்கில் சேரும் நினைவகம் 15 ஜிபி என்றால் அதன் இருபது விழுக்காடு 3 ஜிபி. வினாடிக்கு 5 எம்பி எழுதும் பென் டிரைவில் அது வடிய 600 வினாடி, அதாவது பத்து நிமிடம். முன்னேற்றப் பட்டை நூறு விழுக்காட்டைத் தொட்டபின்னும் டிரைவைக் கழற்ற முடியாமல் நிற்பது இதனால்தான். இயல்பு எல்லையை நிலையான அளவாக மாற்றும் யோசனையை டோர்வால்ட்ஸே முன்வைத்தார். ஆனால் விழுக்காடே நீடித்தது. 2.6.29 முதல் பைட் கணக்கில் எல்லை வைக்கும் வசதி இருப்பதால், 256 எம்பி போன்ற ஓர் அளவை இன்று சில வினியோகங்கள் தாமாகவே அமைத்துத் தருகின்றன.

அடுத்த திருப்பம் வலைப்பின்னல் உலகிலிருந்து வந்தது. ரவுட்டர்களில் அளவுக்கு மீறித் தேங்கும் தரவு இணையத்தைத் தாமதப்படுத்துகிறது என்று ஜிம் கெட்டிஸ் எடுத்துக்காட்ட, 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் கோடெல் என்ற தீர்வைத் தந்தார்கள். வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு, அதில் ஒரு பொட்டலம் காத்திருக்கும் நேரத்தை அளப்பது அதன் வழி. ஆக்ஸ்போ அதே எண்ணத்தை டிஸ்குக்குக் கொண்டுவந்தார். 2017 பிப்ரவரியின் 4.10 கர்னலில், வாசிப்புகள் தாமதமாவது தெரிந்ததும் பின்னணி எழுத்தின் ஆழத்தைக் குறைக்கும் ஏற்பாடு சேர்ந்தது. அதே ஆண்டின் 4.12இல் பாவ்லோ வலென்டேயின் பிஎஃப்க்யூ வரிசையாளர் நுழைந்தது. கனத்த நகலெடுப்பின் நடுவிலும் ஒரு நிரலைத் திறந்தால் சட்டெனத் திறக்க வேண்டும் என்பதையே அது இலக்காகக் கொண்டது. சிஎஃப்க்யூ 2019இல் 5.0 கர்னலோடு விடைபெற்றது.

கோளாறைக் கண்டறியும் முறைகளும் கூடவே வளர்ந்தன. லினக்ஸில் 1993 முதல், டிஸ்குக்காக நிற்கும் நிரல்களும் லோட் கணக்கில் சேருகின்றன. செயலி சும்மா இருக்க லோட் மட்டும் ஏறினால் தடை டிஸ்கில் இருப்பதற்கான குறி அது. அப்படி நிற்கும் நிரல் பட்டியலில் டி என்ற எழுத்தோடு காணப்படும். பெரும்பாலும் கில் கட்டளைக்கும் மசியாது. அது 120 வினாடி அசையாமல் நின்றால் கர்னல் தன் பதிவில் எச்சரிக்கை எழுதுகிறது. ப்ராக் கோப்பகத்தில் மெம்இன்ஃபோ கோப்பின் டர்ட்டி, ரைட்பேக் என்ற இரு வரிகள் தேக்கத்தை நேரடியாகக் காட்டும்: டர்ட்டி பெருத்து, மெல்ல வடிந்தால் எல்லை பெரிது, வடியவே இல்லை என்றால் கருவியையோ கேபிளையோ சந்தேகிக்க வேண்டும். 2018 டிசம்பரின் 4.20இல் யோஹான்னஸ் வைனர் சேர்த்த பிரஷர் அளவீடுகள், நிரல்கள் டிஸ்குக்காக வீணாக்கிய நேரத்தைக் கடந்த 10, 60, 300 வினாடிக் கணக்கில் விழுக்காடாகவே தருகின்றன. முற்றிலும் உறைந்த கணினியில் சிஸ்ஆர்க்யூ விசையோடு எஸ், யூ, பி என வரிசையாக அழுத்துவது, மின்சாரத்தைப் பிடுங்குவதைவிடத் தரவுக்குப் பத்திரம். அந்த வசதி கர்னல் அமைப்பில் இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

கருவிகள் மாறியதால் வழக்கு மறுபடி திறந்தும் இருக்கிறது. தடங்களை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் எஸ்எம்ஆர் டிஸ்குகளும், மலிவான எஸ்எஸ்டிகளும் முதலில் வேகமாக வாங்கி, உள்ளே உள்ள சிறு தேக்கம் நிரம்பியதும் சட்டென மந்தமாகிவிடுகின்றன. சாதனத்தின் வேகத்தை மதிப்பிட்டுப் பங்கு ஒதுக்கும் கர்னலுக்கு, பாதி வழியில் வேகம் மாறும் சாதனம் கடினமான எதிராளி. 2023இல் வந்த 6.2 கர்னல், குறிப்பிட்ட சாதனத்துக்கு மட்டும் பைட் கணக்கில் உச்சவரம்பு வைக்கவும், அதைக் கண்டிப்பாகப் பின்பற்றச் செய்யவும் வழி திறந்தது. பென் டிரைவைச் செருகியதும் இந்த வரம்பு தானாக விழும்படி யூடெவ் விதி ஒன்றை எழுதிவைத்தால், மற்ற டிஸ்குகளின் வேகத்தைத் தொடாமலே பெரிய கோப்பு அமைதியாக நகலாகிறது.