ஒமாஹா மேடை தந்த ஹென்றி ஃபோண்டா

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில், 1924இல் நாடக ஆர்வலர்கள் கூடித் தொடங்கியது ஒமாஹா கம்யூனிட்டி பிளேஹவுஸ். பகலில் அவரவர் வேலை, மாலையில் ஒத்திகை. நடிப்பவர்கள் எல்லாருமே ஊர்க்காரர்கள். தொடக்க காலத்தில் அதைத் தாங்கி நின்றவர்களில் ஒருவர் டோரதி பிராண்டோ, நடிகர் மார்லன் பிராண்டோவின் தாயார். 1925இல் இளைஞன் வேடத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, தோழியின் மகனும் பின்னாளைய ஹாலிவுட் நடிகருமான ஹென்றி ஃபோண்டாவை அழைத்து வந்தவர் அவர்தான்.

ஃபோண்டாவுக்கு அப்போது வயது 20. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியிருந்தார். மிகுந்த கூச்ச சுபாவம். ஆனால் மறு ஆண்டே 'மெர்ட்டன் ஆஃப் த மூவீஸ்' நாடகத்தில் அவர்தான் கதாநாயகன். அச்சகம் நடத்திய தந்தைக்கு மகனின் நாடக மோகம் பிடிக்கவில்லை. முதல் நாள் நாடகம் முடிந்து வீடே பாராட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தார். தங்கை ஏதோ குறை சொல்ல வாயெடுத்ததும் தாளைத் தாழ்த்தி அவளை அடக்கினார். அவன் நடிப்பில் குறையே இல்லை என்றார். ஃபோண்டா கடைசிவரை மறக்காத பாராட்டு அது.

அந்தத் தந்தையின் அச்சகத்து ஜன்னலிலிருந்துதான், 14 வயதில், 1919 செப்டம்பர் 28 அன்று ஃபோண்டா ஒரு கொடுமையைப் பார்த்தார். வெறிகொண்ட கும்பல் நீதிமன்றத்துக்குத் தீ வைத்து, வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியை இழுத்துப்போய்த் தூக்கிலிட்டது. தந்தை ஒரு சொல்லும் விளக்கம் சொல்லவில்லை. கதவைப் பூட்டி மகனை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

1928இல் ஃபோண்டா கிழக்குக் கரைக்குப் போனார். கோடைக்கால நாடகக் குழு, வேலையில்லாத குளிர்காலங்கள் என்று சில ஆண்டுகள் ஓடின. 1934இல் பிராட்வேயில் வென்ற 'த ஃபார்மர் டேக்ஸ் எ வைஃப்' நாடகமே மறு ஆண்டு அவருடைய முதல் படமாயிற்று. இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'யங் மிஸ்டர் லிங்கன்' (1939) படத்தில் சிறை வாசலில் கொலைவெறிக் கும்பலைத் தனியாளாகத் தடுக்கிறார். 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1940) படத்தின் டாம் ஜோட் வேடத்துக்காக, விருப்பமில்லாமலே ஸ்டூடியோவுடன் ஏழாண்டு ஒப்பந்தம் போட்டார். 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' (1943) படத்தில் கும்பல் வெல்கிறது. அவரால் தடுக்க முடியவில்லை. '12 ஆங்ரி மென்' (1957) படத்தை அவரும் சேர்ந்து தயாரித்தார், அன்று வசூலாகவில்லை. இந்தப் படங்களில் அவர் குரலை உயர்த்தாமல் நிற்கும் நிலைக்கு வேர் அந்த அச்சக ஜன்னல்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

புகழின் உச்சியிலும் அவர் ஒமாஹாவை மறக்கவில்லை. 1950களின் நடுவில், பிளேஹவுஸின் கட்டட நிதிக்காக மகள் ஜேனுடனும், அதே மேடையில் வளர்ந்த டோரதி மெக்வயருடனும் அங்கே வந்து 'த கன்ட்ரி கேர்ள்' நாடகத்தில் நடித்தார். 1959இல் காஸ் தெருவில் புதுக் கட்டடம் எழுந்தது.

நம் வாசகர்கள் முதலில் 'ஆக்ஸ்-போ'வைப் பார்க்கலாம். 75 நிமிடப் படந்தான்.