வெயில் மருந்தாக இருந்த காலம்

இந்த எபிசோடை ஒரு சண்டையில இருந்துதான் ஆரம்பிக்கணும். எங்க வீட்டுச் சண்டை.

போன வருஷம், கத்திரி வெயில் நேரம். என் பொண்ணுக்கு அப்போ மூணு மாசம். கொள்ளுப்பேத்தியைப் பார்க்க எங்க ஆச்சி திருநெல்வேலியில இருந்து சென்னைக்கு வந்திருந்தாங்க. தினமும் காலையில பாப்பாவுக்கு எண்ணெய் தேய்ச்சு, பால்கனி வெயில்ல கொஞ்ச நேரம் காட்டிட்டு, அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டுவாங்க. "இளவெயில் படட்டும்ட்டி, அப்பந்தான் எலும்பு உறுதியாவும்"னு சொல்வாங்க. பார்க்க வந்த எங்க அத்தை வேற மாதிரி: "வெயில்ல காட்டாதே, புள்ள கறுத்துரும்."

ஒருநாள் நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். எல்லாமே தாமதமாகி, பாப்பா பால்கனிக்குப் போனபோது மணி ஒன்பதரை தாண்டிடுச்சு. அழுகைச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தா, கன்னமும் தொடையும் செவந்து கிடக்கு. டாக்டர் பார்த்துட்டு, பயப்பட ஒண்ணும் இல்லை, ஆனா ஆறு மாசம் வரைக்கும் நேரடி வெயில் வேண்டாம்னு சொன்னார். வீட்டுக்கு வந்து நான் ஆச்சிகிட்ட கத்தினேன். "உங்க பழைய காலத்துப் பழக்கத்தை எல்லாம் இங்க கொண்டுவராதீங்க." ஆச்சி பதிலே பேசலை. ரெண்டு நாள்ல ஊருக்குக் கிளம்பிட்டாங்க.

அப்புறம்தான் இந்தப் 'பழைய காலம்' எதுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட எனக்குத்தான் சங்கடமா போச்சு. ஏன்னா, குழந்தையை வெயில்ல காட்டுன்னு இருபதாம் நூற்றாண்டுல உரக்கச் சொன்னது பாட்டிகள் இல்லை. விஞ்ஞானிகள்.

கதை ஐரோப்பாவில், புகை மூடிய தொழில் நகரங்களில் தொடங்குகிறது. அங்கே ரிக்கெட்ஸ் என்ற நோய் குழந்தைகளை வாட்டியது. எலும்பு மெலிந்து, கால் வில்லாக வளைந்துவிடும். 1822-லேயே போலந்து மருத்துவர் யென்ஜெய் ஷ்னியாதெட்ஸ்கி ஒன்றைக் கவனித்தார்: வார்சா நகரத்துக் குழந்தைகளுக்கு இந்த நோய் அதிகம், சுற்றியிருந்த கிராமத்துக் குழந்தைகளுக்குக் குறைவு. வெயிலில் காட்டுங்கள் என்றார் அவர். பெரிதாக யாரும் கேட்கவில்லை. 1890-ல் தியோபால்ட் பாம் என்ற மருத்துவர் அதையே வேறு வழியில் கண்டுபிடித்தார். ஜப்பானில் மிஷனரி மருத்துவராக இருந்தவர் அவர். அங்கே பார்க்காத ரிக்கெட்ஸை இங்கிலாந்து திரும்பியதும் பார்த்தார். பல நாடுகளில் இருந்த மிஷனரி மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். ஏழ்மையும் அழுக்கும் இருந்த இடங்களில்கூட, வெயில் இருந்தால் ரிக்கெட்ஸ் இல்லை. அதாவது, நோய்க்குக் காரணம் வெயில் இல்லாததுதான்.

இதை நிரூபித்தவர் பெர்லினில் இருந்த குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி. முதல் உலகப் போர் முடிந்த குளிர்காலம், ஊரே பசியில் இருந்தது. ரிக்கெட்ஸ் முற்றிய குழந்தைகள் சிலரைப் புற ஊதாக் கதிர் தரும் பாதரச விளக்கின் கீழே படுக்க வைத்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு தேறியிருந்தது. அதுமட்டும் இல்லை, ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் இன்னொரு கையும் சேர்ந்தே குணமானது. அப்படியென்றால் தோலில் ஏதோ ஒன்று உருவாகி, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. 1919-ல் இதை அவர் வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று'தான் இன்னைக்கு நாம எல்லாரும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கிற வைட்டமின் டி.

அதுக்கப்புறம் வெயிலுக்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சம் இல்லை. அமெரிக்காவில் மார்த்தா எலியட் என்ற பெண் மருத்துவர், நியூ ஹேவன் நகரத்தில் மீன் எண்ணெயும் வெயிலும் சேர்ந்தால் ரிக்கெட்ஸைத் தடுக்கலாம் என்று காட்டினார். அரசின் குழந்தைகள் நலத்துறையே கைக்குழந்தைக்கு 'வெயில் குளியல்' தருவது எப்படி என்று தாய்மார்களுக்குப் பிரசுரம் போட்டது. தோல் லேசாகக் கறுத்தால் அது ஆரோக்கியத்தின் அடையாளம்! எங்க அத்தை இதைப் படிச்சிருந்தா மயக்கமே போட்டிருப்பாங்க.

இன்னும் ஒருபடி மேலே போனார்கள். குழந்தைக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கணும், ஆனா அடுக்குமாடி வீட்டுல முற்றம் எங்கே இருக்கு? ஸ்போகேன் நகரத்தைச் சேர்ந்த எம்மா ரீட் என்ற பெண் 1922-ல் ஒரு கம்பிக் கூண்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஜன்னலுக்கு வெளியே, அந்தரத்தில் தொங்கும் கூண்டு. உள்ளே குழந்தை. 1930-களில் லண்டனிலும் இப்படிக் கூண்டுகள் தொங்கின. அந்தப் படங்களைப் பார்த்தாலே நமக்கு வயிறு கலங்கும். ஆனா அந்த அம்மாக்கள் குழந்தையை அலட்சியப்படுத்தினவங்க இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டவங்க.

வெயில் நிஜமாவே காப்பாத்தின கதையும் உண்டு. 1956, இங்கிலாந்தில் ராக்ஃபோர்ட் மருத்துவமனை. வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயில் நாட்களில் வெளியே கொண்டுபோவார். மஞ்சள் காமாலை இருந்த ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பு முழுக்க மஞ்சள் வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த ஓர் இடத்தைத் தவிர. அதைப் பிடித்துக்கொண்டு ரிச்சர்ட் க்ரீமரும் அவருடன் இருந்தவர்களும் செயற்கை ஒளியில் சிகிச்சை செய்து 1958-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்னைக்குப் பிறந்த குழந்தைகளை நீல விளக்குக்குக் கீழே படுக்க வைக்கிறாங்களே, அது இங்கிருந்து வந்ததுதான். அதே சமயம், அளவு பார்க்க முடியாத வெயிலை விட்டுட்டு அளவோட தர்ற விளக்குக்கு மாறினதும் இங்கேதான். வீட்டு வெயில் காமாலைக்கு மருந்து இல்லை, டாக்டர்கிட்டதான் போகணும்.

சரி, வெயில் எப்போ வில்லன் ஆச்சு? அதுக்கு ஆஸ்திரேலியா போகணும்.

மேகமூட்டமான பிரிட்டனில் வாழப் பழகிய வெளுத்த தோலோடு ஒரு சமூகம், சுட்டெரிக்கும் வெயில் நாட்டில் போய்க் குடியேறியது. விளைவு, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உலகிலேயே அதிகமாக இருக்கும் நாடுகளில் ஒன்றாக ஆஸ்திரேலியா ஆனது. 1980-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு முக்கியமான ஒன்றைச் சொன்னது. பத்து வயதுக்கு முன்பே அங்கே வந்தவர்களுக்கு, அங்கேயே பிறந்தவர்கள் அளவுக்கு ஆபத்து. பதினைந்து வயதுக்கு மேல் வந்தவர்களுக்கு ஆபத்து மிகவும் குறைவு. சின்ன வயசுல பட்ட வெயிலைத் தோல் மறக்கிறதில்லை.

1981-ல் விக்டோரியா மாநிலப் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு ஒரு விளம்பரம் போட்டது. சிட் என்ற கார்ட்டூன் கடற்பறவை ஆடிப்பாடி மூணு விஷயம் சொல்லும்: சட்டை போடு, சன்ஸ்கிரீன் தடவு, தொப்பி மாட்டு. அந்த மூணு சொல்லும் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். தொப்பி இல்லாமல் வந்தால் மைதானத்தில் விளையாட முடியாது என்று பள்ளிகளில் விதியே வந்தது. அறுபது வருஷத்துல சக்கரம் முழுசா சுத்திடுச்சு பாருங்க.

இப்போ நம்ம பால்கனிக்குத் திரும்பி வருவோம். நம்ம தோலில் மெலனின் அதிகம், அதனால அந்தப் புற்றுநோய் ஆபத்து நமக்குக் குறைவு. அதே மெலனினால் வைட்டமின் டி உருவாகவும் நமக்கு அதிக நேரம் ஆகும். ஆனா எந்த நிறமா இருந்தாலும் கைக்குழந்தையோட தோல் மெல்லிசு, வியர்வை விட்டு உடம்பைக் குளிர வைக்கவும் அதுக்குச் சரியா வராது. அதனாலதான் ஆறு மாசம் வரைக்கும் நிழல், மெல்லிய பருத்தி உடை, அகலமான தொப்பி. சன்ஸ்கிரீனுக்கு வேலை அதுக்கப்புறம்தான். வைட்டமின் டி? அதிகாலை வெயிலில் அதை உருவாக்கும் கதிர் ரொம்பக் குறைவு. அது நிறைய இருக்கும் உச்சி வெயிலோ சுடும். அதனாலதான் முதல் வருஷம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து தரச் சொல்றாங்க.

அத்தை சொன்னதுக்கும் பதில் இதுலயே இருக்கு. வெயிலில் இருந்து குழந்தையைக் காக்கணும், சரி. ஆனா காக்க வேண்டியது தோலை, நிறத்தை இல்லை.

இதெல்லாம் படிச்சு முடிச்சுட்டு ஆச்சிக்குப் போன் பண்ணினேன். மன்னிப்பு கேட்கத்தான். கேட்டுட்டு, "ஊர்ல எங்களை எல்லாம் எங்க வச்சு ஆச்சி வெயில் காட்டுவீங்க?"ன்னேன்.

"தார்சாலதான். வேப்பமர நிழல் விழும்லா, எடையில எடையில வெயில் வரும். ஏழு மணிக்குள்ள எடுத்துருவோம். ஒங்க வீட்டுல மரமும் இல்ல, நேரமும் இல்ல. நான்தான் யோசிச்சிருக்கணும்."

ஆச்சியோட பழக்கத்துல ஒரு கடிகாரமும் ஒரு மரமும் இருந்திருக்கு. ஏழாவது மாடிக்கு வரும்போது அது ரெண்டும் கழண்டு விழுந்துடுச்சு. பழக்கம் மட்டும் வந்து சேர்ந்தது. கத்துறதுக்கு முன்னாடி நான் கேட்டிருக்கணும்.

இந்தக் கோடைக்கு ஆச்சி மறுபடி வர்றாங்க. பால்கனியில தென்னந்தட்டி கட்டியாச்சு. பொண்ணு இப்போ நடக்க ஆரம்பிச்சுட்டா, தொப்பி மாட்டினா ரெண்டு நிமிஷத்துல கழட்டி எறியறா. அதுக்கு என்ன வழின்னு ஆச்சிகிட்டதான் கேட்கணும்.

உங்க வீட்டுலயும் இப்படி வெயில் சண்டை நடந்திருக்கும். நடந்திருந்தா, முதல்ல உங்க பாட்டிகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: எத்தனை மணிக்கு, எங்க வச்சு?