அமிர்தசரஸ் கூடாரங்கள்: இந்திய மனநல மருத்துவத்தில் குடும்பத்தின் இடம்

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்கள், மருந்துகள் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளியும் அவர்தம் குடும்பத்தாரும் பெற்ற பட்டறிவு மருத்துவமுறையையே மாற்றியமைத்ததும் உண்டு. இந்திய மனநல மருத்துவத்தை முன்னிறுத்தி அதனை இக்கட்டுரை ஆராய்கின்றது.

காப்பகக் காலம்

மனநோயாளர் குறித்த 1912ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளியைப் பிரித்துக் காவலில் வைப்பதையே முதன்மையாகக் கொண்டது. குடும்பம் வாயிலோடு நின்றது; பலர் வீடு திரும்பாமலே மாண்டனர். 1946இல் சர் ஜோசப் போர் குழு அறிக்கை வெளிவந்தபோது நாடு முழுமைக்கும் இருந்த மனநலப் படுக்கைகள் ஏறத்தாழ 10,000 மட்டுமே.

கூடாரங்கள்

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய மருத்துவர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். நோயின் தன்மையை அவர்களுக்கு விளக்கினார். நோயாளி தேறிவருவதைக் கண்ணெதிரே கண்ட உறவினர், இந்நோய் தீராதது என்னும் எண்ணத்தைக் கைவிட்டனர். அவரை மீண்டும் வீட்டில் ஏற்றனர். பற்றாக்குறைக்கு மாற்றாக மட்டுமன்றி, இது ஒரு மருத்துவமுறையாகவே நிலைபெற்றது எனலாம். 1957இல் தொடங்கப்பெற்ற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்குவதை நெறியாகக் கொண்டது.

ஏர்வாடியும் சட்டமும்

இந்நெறி எங்கும் பரவவில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். மருத்துவமும் வழிகாட்டலும் எட்டாத குடும்பங்கள் நம்பிக்கையோடு விட்டுச்சென்ற இடம் அது. உச்சநீதிமன்றம் இதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் சிறாருடன் ஒருவர் இறுதிவரை உடனிருத்தல் வேண்டும் என்றது. தமக்காகப் பேசும் பிரதிநிதியை நோயாளியே தெரிவு செய்துகொள்ளவும் உரிமை வழங்கியது.

முடிவுரை

இறுதியாகச் சுட்டிய உரிமை கருதத்தக்கது. குடும்பத்தின் குரல் எப்போதும் நோயாளியின் குரலாகிவிடாது. சங்கிலிக்கு இசைந்ததும் சில வேளைகளில் குடும்பமே. குடும்பத்தை உள்ளே அழைத்தது அமிர்தசரஸ் கூடாரம். நோயாளியையும் பேசவைக்க முற்படுகின்றது 2017ஆம் ஆண்டுச் சட்டம். இவ்விரண்டும் இணையும் இடத்திலேயே மனநல மருத்துவம் முழுமை பெறும் என்பது இவ்வரலாற்றால் புலனாகின்றது.