ஹொய் ஆன்: துறைமுகமும் அடுக்களையும்

ஒரு நகரின் வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டுக்களையும் அரச ஆவணங்களையும் நாடுவது வழக்கம். மக்களின் அடுக்களையும் ஒரு சான்றுக்களமே என்பதை மத்திய வியட்நாமின் ஹொய் ஆன் நகரம் உணர்த்துகின்றது. இன்று அங்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் பலர் சமையல் வகுப்புக்களிற் சேருகின்றனர். காலையிற் சந்தையைச் சுற்றிப் பார்த்து, திரா குவே கிராமத்துத் தோட்டங்களைக் கண்டு, அரிசிமாக் கரைசலைத் துணிமேல் ஊற்றி ஆவியில் அவிக்கக் கற்கின்றனர். அவ்வுணவின் பின்னாலுள்ள வரலாறு யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

து பொன் ஆற்றின் முகத்துவாரப் பகுதி முன்னர் சாம் மக்களின் சம்பா அரசுக்கு உரியதாயிருந்தது. அவர்கள் மி சன்னில் எழுப்பிய சிவாலயங்களும் பொறித்த வடமொழிக் கல்வெட்டுக்களும் இன்றும் எஞ்சியுள்ளன. 1558இல் தெற்கே வந்த நுயென் ஹோவாங்கும் அவர் வழிவந்த பிரபுக்களும் கடல் வணிகத்தை ஊக்குவித்தனர். சீன, யப்பானியக் கப்பல்கள் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து, தென்மேற் பருவக்காற்றோடு மீண்டன. காற்று மாறும்வரை வணிகர் தங்க நேர்ந்தமையால் இரு இனத்தாரின் குடியிருப்புக்களும் தோன்றின. யப்பானியர் கட்டியதாக மரபு கூறும் பாலத்திற்கு, 1719இல் நுயென் பிரபு ஒருவர் 'தொலைவிலிருந்து வந்தோர் பாலம்' எனும் பொருள்படப் பெயரிட்டார். எனினும் 1635இல் யப்பானிய அரசு தன் குடிகள் கடல் கடப்பதைத் தடைசெய்தமையால் யப்பானியர் குடியிருப்பு நலிந்தது. 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்தபின் சீனர் தொகை பெருகிற்று.

இவ்வரலாற்றின் சுவடுகளைக் 'காவ் லாவ்' எனும் உணவிற் காணலாமெனக் கூறுவர். சாம்பல்நீரில் ஊறிய அரிசியிலிருந்து செய்யப்படும் தடித்த நூடில்ஸ், சீனமுறையிற் பக்குவப்படுத்திய பன்றியிறைச்சி, உள்ளூர்க் கீரைவகைகள் ஆகியன இதிற் சேரும். இதற்குரிய நீரை, சாம் மக்கள் தோண்டியதாகக் கருதப்படும் பா லே கிணற்றிலிருந்து எடுப்பது மரபு. நூடில்ஸின் தடிப்பைக் கொண்டு இது யப்பானியர் விட்டுச்சென்றதென்பாருமுளர். ஆயின் தோற்ற ஒற்றுமை மட்டும் தொடர்பினை நிறுவாது. வாய்மொழி மரபை ஆவணமெனக் கொள்வது வரலாற்று நெறியன்று. இதற்கு மாறாக, அதே அடுக்களையிலுள்ள மிளகாயின் வரலாறு ஐயத்திற்கிடமற்றது. அமெரிக்கக் கண்டத்திற்குரிய அது, 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் ஆசியாவில் இருந்ததில்லை. மரபெனக் கொள்ளப்படுவதும் ஒரு காலத்தில் புதியதே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1770களில் தை சன் கிளர்ச்சிப் போர்களால் நகரம் அழிவுற்றது. மீண்டும் தழைத்தபோதும் ஆற்றில் மணல் படிந்தமையால், 19ஆம் நூற்றாண்டிற் பெருங்கப்பல்கள் டா நாங் துறைமுகத்தை நாடின. வணிகத்தை அழித்த அம்மணலே பழைய வீடுகளைக் காத்தது எனலாம்; செல்வம் விலகிய இடத்திற் புதிய கட்டடங்கள் எழவில்லை. 1999இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

அதன்பின் அயலார் மீண்டும் திரளாக வருகின்றனர். பழைய வணிகர் பருவமாதங்கள் முழுவதும் தங்கி, மணவுறவு கொண்டு, ஊரோடு கலந்தனர். இன்றைய பயணி சில நாட்களில் திரும்புகின்றான். வீடுகள் பல கடைகளாகிவிட்ட நிலையில், சமையல் வகுப்பு குடும்பங்களுக்கு வருவாயும் பழைய கைமுறைக்கு மதிப்பும் தருகின்றது. ஆயினும் செய்முறையை மட்டும் கற்பித்து, அதனை உருவாக்கிய மக்களை மறக்கச் செய்யின், எஞ்சுவது சுவை மட்டுமே. உண்பவன் 'இது எங்கிருந்து வந்தது?' என வினவும்போதே அவ்வகுப்பு வரலாற்று வகுப்பாகின்றது.