முரசு சொன்ன வரலாறு

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது முதியோர் வாக்கு. ஆனால் பல்லைத் தாங்கும் முரசை யார் நினைக்கின்றனர்? முரசின் மருத்துவ வரலாற்றில் நம் மலைநாட்டுத் தொழிலாளருக்கும் ஓர் இடமுண்டு.

1963இல் சுவீடன் நாட்டு ஹில்டிங் பியோர்ன், அண்ணத்துத் தசையை எடுத்துக் கரைந்த முரசில் ஒட்டும் முறையை வெளியிட்டார். 1965இல் அந்நாட்டுப் பிரானெமார்க், ஒருவரது தாடையெலும்பில் டைட்டேனிய வேர் பதித்துச் செயற்கைப் பல் பொருத்தினார். வேரைச் சூழ உறுதியான முரசு வேண்டுமாதலால், முதலில் முரசு ஒட்டிப் பின்னர் வேர் பதிப்பதும் நாளடைவில் வழக்கமாயிற்று.

முரசு கரைவதேன்? இதையறிய நோர்வே அறிஞர் ஹரால்ட் லோவின் குழுவினர், இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் பல்வைத்தியமே பெறாத 480 ஆண் தொழிலாளரை 1970இல் பரிசோதித்தனர், பதினைந்தாண்டுகள் தொடர்ந்தனர். 1986இல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்தும், 81 பேருக்கு மிதமாகவும் வளர்ந்தது. 11 பேருக்கு முரசு வீக்கத்தோடு நின்றது. நாள்தோறும் பல் துலக்கி, முறையான வைத்தியமும் பெற்ற நோர்வே நாட்டுக் கல்விமான்களுக்கோ சேதம் சொற்பமே.

ஆகவே முரசழிவு தலைவிதியன்று, கவனிப்பின்மையின் விளைவே. நம்மவர் வாய் உலகுக்குப் பாடமாயிற்று. அப்பாடம் நமது லயங்களுக்குத் திரும்ப வேண்டாமா? ஒட்டுவதற்குப் பெரும்பணம் வேண்டும். காப்பதற்கு ஒரு தூரிகை போதும். ஊவாத் தோட்டத்து இளைஞர்களே, பதுளையிலிருந்து பல்வைத்தியரை அழைத்து, லயந்தோறும் இப்பணியைத் தொடங்குவோமாக!