காஷ்மர் மரமும் கலீபாவின் முடிவும்

சில மரங்களை வெட்டினால் வெட்டியவனுக்குக் கேடு வரும் என்னும் அச்சம் பல சமூகங்களில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அவ்வச்சம் எந்தச் சூழலில் கதையாக உருப்பெறுகிறது என்பதை ஆராய்ந்தால் வரலாற்றின் மற்றொரு பக்கம் நமக்குப் புலப்படும். இதற்கு நல்லதொரு சான்று, குராசானில் நின்றிருந்த காஷ்மர் மரம்.

காஷ்மர், இன்றைய ஈரானின் வடகிழக்கே உள்ளது. அங்கிருந்த ‘ஸர்வ்’ என்னும் சைப்ரஸ் மரம் ஜரதுஷ்டிரரோடு தொடர்புடையது என அச்சமயத்தார் போற்றினர். ஷாஹ்நாமாவில் தகீகீ பாடிய பகுதியிலும் இம்மரம் இடம்பெற்றுள்ளது.

அப்பாஸியக் கலீபா முதவக்கில், ஸாமர்ரா அருகே ஜஃபரிய்யா மாளிகையை எழுப்பிய காலம் அது. மரத்தின் புகழைக் கேள்வியுற்ற அவர், அதை வெட்டி அனுப்புமாறு குராசான் ஆளுநர் தாஹிர் இப்னு அப்துல்லாஹ்வுக்கு ஆணையிட்டார். பின்னர் நடந்ததை, 12ஆம் நூற்றாண்டில் ‘தாரீகே பைஹக்’ நூலை எழுதிய இப்னு ஃபுந்துக் விரிவாகக் கூறுகிறார். மரத்தை விட்டுவிட்டால் 50,000 தீனார் தருவதாக ஜரதுஷ்டிர சமயத்தார் வேண்டினர், வேண்டுதல் ஏற்கப்படவில்லை. மரம் சாய்ந்தபோது நிலம் அதிர்ந்தது; மாலையில் வானம் மறையுமளவு பறவைகள் திரண்டு வந்து ஓலமிட்டன. கிளைகளை மட்டும் 1,300 ஒட்டகங்கள் சுமந்தன. சுமை மாளிகைக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும்போதே கலீபா கொல்லப்பட்டார். இதில் தொடர்புடைய பிறரும் ஓராண்டுக்குள் மாண்டனராம்.

கலீபா ஹிஜ்ரி 247 ஷவ்வாலில் (கி.பி. 861 டிசம்பர்) கொல்லப்பட்டதும், ஆளுநர் தாஹிர் மறு ஆண்டில் மறைந்ததும் வரலாற்று உண்மைகள். ஆனால், கலீபாவைக் கொன்றது மரத்தின் சாபமன்று. மகன் முன்தஸிரை அவமதித்து மற்றொரு மகனான முஃதஸ்ஸை உயர்த்தியது, துருக்கியத் தளபதி வஸீஃபின் நிலங்களைப் பறிக்க முனைந்தது ஆகியவற்றால் மூண்ட பகையே அக்கொலைக்கு வழிவகுத்தது என்பதைத் தபரீயின் வரலாற்றிலிருந்து அறிகிறோம்.

அப்படியாயின், கதை ஏன் நிலைத்தது? மன்றாடியும் கோடரியைத் தடுக்க இயலாத மக்களுக்கு எஞ்சியிருந்த நீதிமன்றம் கதை ஒன்றுதான். அதை மூன்று நூற்றாண்டுகள் கழித்து ஒரு முஸ்லிம் அறிஞரே பதிவுசெய்து காத்தார் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

மரத்திற்குத் தெய்வ ஆற்றல் உண்டு என்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் எந்த மரத்தடியில் உறுதிமொழி பெறப்பட்டதோ, அம்மரம் இதுவே எனக் கருதி மக்கள் ஓரிடத்தில் தொழத் தொடங்கினர். அதையறிந்த உமர் (ரலி) அவர்கள் அம்மரத்தை வெட்டச் செய்தார்கள் என இப்னு ஸஅத் குறிப்பிடுகிறார்.

எனினும், கோடரிக்கு வரம்பில்லை என்பது இதன் பொருளன்று. இலந்தை மரத்தை வெட்டுபவனைக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழியை அபூதாவூத் தம் ஸுனனில் பதிவு செய்துள்ளார். வழிப்போக்கர்களும் கால்நடைகளும் நிழல் பெறும் வெட்டவெளி மரத்தை, வீணாகவும் அநியாயமாகவும் வெட்டுபவனையே அது குறிக்கும் என்று அவரே விளக்கமும் தருகிறார்.

மரத்தில் உறைவதாகக் கருதப்பட்ட ஆவிக்கு இங்கு இடமில்லை. அதன் நிழலில் ஒதுங்குவோரின் உரிமைக்கு இடமுண்டு. அச்சம் காவல் நின்ற இடத்தில் நீதி காவல் நிற்க வேண்டும் என்பதே இதன் கருத்து. சாபத்திற்கு அஞ்சும் வழக்கம் அகன்றுவிட்ட ஊர்களில் அந்நீதியும் இல்லாது போனால், மரத்தைக் காக்க எதுவுமே எஞ்சாது. மூடநம்பிக்கையை ஒழித்தோம் என்று மகிழும் நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.