இறங்கத் தெரிந்தவர்கள்

எங்கள் பெரியப்பா வலது காலைச் சற்றே இழுத்துத்தான் நடப்பார். மழை பிடித்துவிட்டால் கணுக்காலைத் தடவியபடி அஞ்சடியில் உட்கார்ந்துவிடுவார். காரணம் கேட்டால், “சர்க்கஸ் செஞ்ச வேல” என்பார்.

பன்னிரண்டு வயதில், கோலா கங்சார் டவுனுக்கு வந்த ஒரு சர்க்கஸைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு நடந்துபோய்ப் பார்த்திருக்கிறார். ஒருவன் பலகையிலிருந்து எகிறி, காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வந்து நின்றானாம். மறுநாள் பெரியப்பா பத்தடிச் சுவரில் ஏறிச் செம்மண் தரையில் குதித்தார். கணுக்கால் போயிற்று.

“அவன் பறந்ததத்தான்டா பாத்தேன். எறங்குனத பாக்கல.”

சர்க்கஸைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் இந்தப் பேச்சின் கனம் எனக்குப் புரிந்தது. பத்தடி ஏறக்குறைய 3 மீட்டர். விழுந்த உயரத்தை, கால் தரையைத் தொட்டபின் உடம்பு தாழ்கிற தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். தரை நம்மைத் திருப்பித் தாக்கும் சராசரி விசை நம் எடையைப்போல எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். முழங்காலை விறைத்துக்கொண்டு இறங்கி 6 சென்டிமீட்டருக்குள் நின்றால் 51 மடங்கு. கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் மடக்கி 60 சென்டிமீட்டர் தாழ்ந்தால் வெறும் 6 மடங்கு. 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு முதலாவது 1530 கிலோ பாரம். இரண்டாவது 180 கிலோ. உயரம் ஒன்றுதான், இறங்கும் விதம்தான் வேறு.

ஆக, சர்க்கஸின் வரலாற்றை இறங்குவதன் வரலாறாகவும் படிக்கலாம். 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரை வித்தை காட்டத் தொடங்கினார். குதிரைக் குளம்புக்காக மெத்தென்று வைத்த வட்டத்தரை, விழுகிற மனிதனையும் தாங்கியது. 1859இல் பாரிசில் ஜூல் லியோத்தார் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் பாய்ந்தபோது கீழே மெத்தைகள் இருந்தன. வலை பிறகு வந்தது.

1880இல் விஷ்ணுபந்த் சத்ரே பம்பாயில் இந்திய சர்க்கஸைத் தொடங்கினார். 1901இல் தலச்சேரி அருகே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி நடத்தினார். அவர் களரி தெரிந்தவர். களரியில் வாளைக் கையில் கொடுப்பதற்கு முன் உடம்பைத் தாழ்த்தவும் வளைக்கவும்தான் பழக்குவார்கள். மெத்தை இல்லாத இடத்தில் முழங்காலே மெத்தை.

நம்முடைய கழைக்கூத்தாடிகள் இதற்கெல்லாம் மிக மூத்தவர்கள். முறுக்கிய கயிற்றின்மேல் நடக்கும் ஆடுமகளை நற்றிணையின் 95ஆம் பாடலிலேயே பார்க்கலாம். இன்றும் அவர்களுக்குத் தெருதான் மேடை. கீழே வலையும் கிடையாது, மரத்தூளும் கிடையாது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் ஊர் ரப்பர் மரம் நினைவுக்கு வந்தது. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலா கங்சாரில் ஹியூ லோ நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்னும் டவுனில் நிற்கிறது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் உலகம் ரப்பரைத் தேடி ஓடியது. டயர் செய்வதும் மடங்கிய முழங்கால் செய்கிற வேலையைத்தான். அதிர்ச்சியைக் கொஞ்சம் தூரத்துக்கு நீட்டிப் பங்கு போடுகிறது.

அந்தப் பாலை வெட்டி எடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். என் தாத்தா விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், கித்தாக்காட்டில் மேடு பள்ளமெல்லாம் வெறுங்காலோடு நடந்தார். உலகத்தின் குலுக்கலைக் குறைத்த பொருள் அவர் கை வழியாகத்தான் போயிற்று. அவர் மகன் விழுந்த இடத்தில் வெறும் செம்மண்தான் இருந்தது.

போன மாதம் பெரியப்பாவின் பேரன் அஞ்சடிக் கட்டையிலிருந்து குதிக்கப் போனான். நான் பதறி எழுந்தேன். பெரியப்பா தடுக்கவில்லை.

“குதி. ஆனா மொதல்ல முட்டிய மடக்கக் கத்துக்க” என்றார். பிறகு வலிக்கிற காலோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, எப்படி என்று அவனுக்குக் காட்டினார்.